நாட்டுக்கு ஒரு கேன், பெங்களூருக்கு ஒரு கேன்

மார்கழி பிறந்தபோது கிருபாகரனின் நாட்டுத் தக்காளிச் செடிகள் அவன் தோள் உயரத்துக்கு வந்திருந்தன. தண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். இலைகள் கரும்பச்சையாக, எண்ணெய் தடவினது போல மினுமினுத்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று கவிழ்ந்து, மண் பைகளுக்கு நடுவே கால் வைக்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தன. குறை என்று சொல்லப்போனால் ஒன்றே ஒன்றுதான். அத்தனை பெரிய காட்டில் ஒரு காய்கூட இல்லை.

துணி உலர்த்த மொட்டைமாடிக்கு வந்த அவன் மனைவி லாவண்யா, செடிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். தக்காளி என்று நினைப்பதால்தான் வருத்தம், கீரை என்று நினைத்துக்கொண்டால் அமோக விளைச்சல் என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டு ஒன்றைச் செடியின் மேலேயே போடப் போனாள். கிருபாகரன் பதறித் தடுத்தான். செடி இப்போது தழைக்கிற கட்டத்தில் இருக்கிறது, அடுத்த கட்டத்தில் பூக்கும், அதற்கடுத்து காய்க்கும், எல்லாம் திட்டப்படிதான் போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கினான். அவன் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குக் குழுத்தலைவன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அதே குரலில் அதே வார்த்தைகளை அவன் அலுவலகத்துக்காரர்களிடம் சொல்வதை லாவண்யா சமையலறையிலிருந்து அடிக்கடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எல்லாம் திட்டப்படி போகுதுன்னு நீங்க சொன்னா, அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு நீங்க வரமாட்டீங்கன்னு அர்த்தம்," என்றாள்.

அவர்கள் குடியிருந்தது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில். கிருபாகரனுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். இங்கே வீடு வாங்கிக் குடிவந்த முதல் வருஷம் அவனுக்குச் செடி வளர்க்கிற எண்ணமே இல்லை. ஒரு மழைக்காலத்தில் தக்காளி விலை எகிறியபோது, இதையெல்லாம் வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளலாமே என்று பேச்சுவாக்கில் சொன்னான். எங்கே விளையுங்கள் பார்ப்போம் என்றாள் லாவண்யா. அவ்வளவுதான். அன்றைக்கே ஆறு வீடியோ பார்த்துவிட்டான்.

அதே மொட்டைமாடியில் எதிர்ப்பக்கம் பைகளை அடுக்கியிருந்தவர் பச்சையப்பன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். பல வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்திருந்தார். கடையில் விற்கிற உரத்தை அவர் உரம் என்றே சொல்லமாட்டார், மருந்து என்பார். அவருடைய பக்கத்தில் மண்புழு உரம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, பஞ்சகவ்யம், மீன் கழிவையும் வெல்லத்தையும் போட்டு மூடிவைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம். டிரம்மைத் திறக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் லாவண்யா துணியைக் கொடியில் போடுவாள். ஒருமுறை பார்க்காமல் போட்டுவிட்டதால், அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போன சுடிதாரில் நாள் முழுக்கக் காசிமேட்டு மீன் சந்தை மணத்தது.

இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு வளர்த்துக்கொண்டிருந்தால் பிரச்சினை ஒன்றும் வந்திருக்காது. தீபாவளி கழிந்த கையோடு, மூன்றாம் மாடியில் இருந்த ஜெகதாம்பாள் அம்மாளின் படுக்கையறைக் கூரையில் ஈரம் தட்டியது. இந்தியா வரைபடம் மாதிரி ஒரு கறை. அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அதற்கு முன்னால் பச்சையப்பன் வேலை பார்க்கிற அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஒரு பொருளைக் கையில் வாங்கி, இரண்டு தரம் உருட்டிப் பார்த்து, வாயைத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிடுவாராம். திரும்பி வந்தவற்றில் பச்சையப்பன் செய்தவையும் உண்டு. அதனால் இன்றைக்கும் ஜெகதாம்பாள் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டால் பச்சையப்பன் எழுந்து நின்றுவிடுவார்.

ஈரத்துக்குக் காரணம் செடிப் பைகள்தான் என்று ஜெகதாம்பாள் முடிவு கட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றுகிற தண்ணீரைக் கட்டடம் தாங்காது, ஒருவர் பையை எடுத்தாக வேண்டும் என்றார். யார் எடுப்பது என்பதில் பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பூந்தமல்லி ரோட்டு நர்சரியிலிருந்து இரண்டு பேரும் ஒரே மாதிரி நாற்று வாங்கி வர வேண்டும். நாட்டுத் தக்காளி, பெங்களூர் தக்காளி, செர்ரி தக்காளி, ஆக மூன்று வகை. தை கடைசியில் அவர் வந்து பார்ப்பார். காய் யாருக்கு நன்றாக வந்திருக்கிறதோ அவர் இருக்கலாம். மற்றவர் காலி செய்ய வேண்டும்.

கிருபாகரனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அவன் கையில் இருந்தது நீரில் கரைகிற உரம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சரிசமமாகப் பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது. அந்த எண்ணை அவன் சொல்லும்போது, தெரிந்த பெரிய மனிதர் ஒருவருடைய போன் நம்பரைச் சொல்கிற பெருமை குரலில் தெரியும். மூன்று வகைக்கும் ஒரே கலவை, ஒரே அளவு, ஞாயிறு தவறாமல். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் முடிவை எப்படி நம்புவது என்பது அவன் கட்சி.

முடிவு வந்தது. நம்பத்தான் கஷ்டமாக இருந்தது. அவனுடைய பெங்களூர்ச் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளின. நீளநீளமாக, கெட்டியாக, கடையில் அடுக்கிவைப்பது போன்ற காய்கள். ஆனால் பழுக்கப் போகிற சமயத்தில் ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் கறுத்து, தோல் உள்ளே ஒட்டிக்கொண்டது. நாட்டுச் செடிகள் காடாகி நின்றன. செர்ரி நன்றாகப் பூத்தது, காயும் பிடித்தது, ஆனால் பழமாகப் பார்க்கலாம் என்று போனால் காணவில்லை. அணில் என்று முடிவு செய்து வலை கட்டினான். அப்புறமும் காணவில்லை.

எதிர்ப்பக்கத்தில் விஷயம் தலைகீழ். பச்சையப்பனின் நாட்டுச் செடி இடுப்பளவுதான். அதில் இலையை விடக் காய் அதிகம் என்று சொல்லும்படி சப்பையும் கோணலுமாகத் தொங்கின. பெங்களூர்ச் செடிகளோ அடி இலை முதல் மஞ்சள் அடித்து, எலுமிச்சை அளவுக்கு இரண்டு காயை வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி நின்றன. அவர் அதற்கும் பஞ்சகவ்யம்தான் ஊற்றினார். தேறவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"இன்னா சார், செடி பாக்க தோப்பு மாரி கீது," என்பார் பச்சையப்பன், கிருபாகரன் பக்கம் எட்டிப் பார்த்து. "உள்ள போனா வழி தெரியுமா?"

கிருபாகரன் பதிலுக்கு அவருடைய மஞ்சள் இலைகளைப் பார்த்து, இது புது ரகமா சார், இலையே பழுக்கிற மாதிரி இருக்கே என்று அக்கறையோடு விசாரிப்பான்.

நாட்டுச் செடி காய்க்காததற்குக் கிருபாகரன் கண்டுபிடித்த காரணம், அதற்குப் பசி என்பது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இந்தச் சாப்பாடு போதவில்லை. அதனால் ஒரே அளவு என்ற கொள்கையைக் கைவிட்டு, மூன்று தனித்தனிக் கேன்கள் வாங்கி, நா, பெ, செ என்று எழுதி ஒட்டினான். நா கேனில் பத்தொன்பதோடு யூரியாவும் ஒரு பிடி விழுந்தது. செடி நன்றி சொல்வது போல இன்னும் அரை அடி வளர்ந்தது.

இதற்கு நடுவே அவனுக்கு இன்னொரு தொல்லை பிடித்தது. மாடிக்கு வரும்போதெல்லாம் பார்வை பச்சையப்பனின் பெங்களூர்ச் செடிகள் மேல் போய் நின்றது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போக அந்த மஞ்சள் அவனை உறுத்தியது. தழைச்சத்துப் போதாமல் கிடக்கிற செடி என்று பார்த்தாலே தெரிகிறது. ஒட்டு ரகம், நிறையக் காய்ப்பதற்கென்றே உண்டாக்கியது, அதற்குத் தகுந்த சாப்பாடும் கேட்கும். வீட்டில் எந்தப் பக்கம் போனாலும் அந்தச் செடி நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் யாரோ எழுதிய நிரலில் தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அது தன் வேலையே இல்லை என்றாலும், அதைச் சொல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. இதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொன்னால் பச்சையப்பன் கேட்கமாட்டார். தவிர, எதிராளிக்கு யோசனை சொல்வது முட்டாள்தனம்.

அதனால் சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் ஒரு மக்கில் தன் உரத்தைக் கரைத்து எடுத்துப் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த மஞ்சள் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்துவிட்டான். இது சோதனைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரமும் சோதனை செய்தான்.

செடி பச்சை கட்டியது. புதுக் கொழுந்து விட்டது, பூத்தது, முட்டை அளவுக்குக் காய் திரண்டது. பச்சையப்பன் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கட்டடத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். பஞ்சகவ்யம் மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்துவிட்டால் விடாது, பொறுமை இல்லாதவர்கள்தான் பொடியைத் தேடி ஓடுவார்கள் என்று கீழே எழுதியிருந்தார். பொறுமை இல்லாதவர்கள் என்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும். கிருபாகரன் அந்தப் படத்துக்குக் கட்டைவிரல் போட்டான். போடும்போது வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் அதிக நாள் நிற்கவில்லை. பொங்கல் கழிந்ததும் அவன் நாட்டுச் செடி பூத்தது. பூத்த பூ உதிராமல் பிஞ்சு பிடித்தது. பெங்களூர்ச் செடியிலும் புதிதாக வந்த காய்களுக்கு அடி கறுக்கவில்லை. அவன் சும்மா இருப்பானா? நாட்டுச் செடிக்கு எவ்வளவு உரம் தேவை என்பதைத் தான் படிப்படியாகக் கண்டறிந்த விதத்தை, பத்தி பிரித்து, அதே குழுவில் எழுதினான். லாவண்யா முழுவதையும் படித்தாள். நன்றாக இருக்கிறது, ஆனால் வடை சுட்ட கதையை அடுப்பு சொல்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை. சும்மா வாய்க்கு வந்தது.

தை மாதம் முடியப் போகிற ஒரு விடியற்காலை. ஏரிப் பக்கமிருந்து பனி வந்து மொட்டைமாடியில் இறங்கியிருந்தது. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. கிருபாகரன் மக்கும் கையுமாகப் பச்சையப்பன் பக்கம் போய்க் குனிந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓட நேரமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான்.

வந்தது பச்சையப்பன்தான். தலையில் மப்ளர், கையில் ஒரு சின்ன டப்பா. தன் செடிகளின் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. நேரே கிருபாகரனின் கேன்கள் இருந்த இடத்துக்குப் போனார். நா என்று எழுதிய கேனைத் தூக்கினார். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அத்தனையையும் மழைநீர்க் குழாயில் சத்தம் வராமல் கவிழ்த்தார். குழாயடியில் வைத்து வெறும் தண்ணீர் பிடித்தார். டப்பாவிலிருந்து ஒரு கை அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுக் குலுக்கி, மூடி, எழுத்து வெளியே தெரியும்படி எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து, வெற்றிலைச் சுண்ணாம்பை அங்கே கிடந்த ஒரு மக்கில் கரைத்து, அவனுடைய பெங்களூர்ச் செடிகளின் தூரில் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு போனார். போகிற வழியில், காடாகக் கிடந்த நாட்டுச் செடியில் நான்கு பக்கக் கிளையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

தொட்டிக்குப் பின்னால் நின்றவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நொடி, குழுவில் தான் எழுதியது பத்தி பத்தியாக ஞாபகத்துக்கு வந்தது. படிப்படியாகக் கண்டறிந்த அளவு. கண்டறிந்தது வெறும் தண்ணீரும் சாம்பலும். கோபம் வந்த இடம் தெரியாமல் போய், காது இரண்டும் சுட்டது. அவர் போகிற வரை அசையக் கூடாது, இதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான்.

அவன் தீர்மானம் கீழே இருந்த துலுக்காணத்துக்குத் தெரியாது. வாட்ச்மேன் துலுக்காணம் தினமும் அந்த நேரத்துக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வழக்கம். தொட்டிக்குள் இருந்த மிதவை கெட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. தொட்டி ஏற்கெனவே முக்கால் நிறைந்திருந்ததால் தண்ணீர் சீக்கிரமே மேலே வந்து, வழிகுழாய் வழியாக, சரியாகக் கிருபாகரனின் பிடரியில் கொட்டியது. தை மாதத்துத் தண்ணீர். அவன் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. தொப்பலாக நனைந்து வெளியே வந்தான்.

பச்சையப்பன் கையில் சுண்ணாம்பு மக்கோடு அவனைப் பார்த்தார்.

"இன்னா சார், அங்கதான் குளிக்கிறதா?" என்றார்.

"என் கேனை ஏன் சார் கொட்டினீங்க?"

பச்சையப்பன் மக்கைக் கீழே வைத்தார். மப்ளரை அவிழ்த்து அவனிடம் நீட்டினார், தலையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி. "பாத்துகினு இருக்க முடியல சார்," என்றார். "நாட்டுத் தக்காளிக்கு அவ்ளோ போட்டா அது இன்னாத்துக்கு காய்க்கும்? நல்லா துன்னுட்டு இலய வுட்டுகினு கெடக்கும். நானும் சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ பொங்கலுக்கு முன்னாடி யூரியாவ வேற தூக்கினு வந்த. சரி, இத்த சொன்னா கேக்காதுன்னு வுட்டுட்டேன்." சார் என்று ஆரம்பித்தவர் நீ என்று முடித்ததை அவரும் கவனிக்கவில்லை, இவனும் கவனிக்கவில்லை.

சுண்ணாம்பு எதற்கு என்று கிருபாகரன் கேட்டான். பெங்களூர்க் காய் அடி கறுப்பது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை குளம் மாதிரி ஊற்றிவிட்டு மற்ற நாளெல்லாம் காயப்போட்டால் எங்கே போய்ச் சேரும், அதனால் வாரநாளில் தினமும் காலையில் அவரே கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் அவர் பார்வை அவன் கையில் இருந்த மக்கின் மேல் விழுந்தது. அது என்ன என்று கேட்டார். கிருபாகரனுக்குப் பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"உங்க பெங்களூருக்கு சார். பத்தொம்பது."

பச்சையப்பன் திரும்பித் தன் பெங்களூர்ச் செடிகளைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று, காய்களின் கனத்தில் கொம்பில் சாய்ந்து நின்றன. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ என் பஞ்சகவ்யம்?"

"அதுவும் வேலை செஞ்சிருக்கும் சார்."

"இன்னா வேல செஞ்சிது. ஊரே நாறிச்சு, அதான் செஞ்சிது."

அவர் முகம் நிஜமாகவே விழுந்துவிட்டது. கிருபாகரனுக்குத் தாங்கவில்லை. உங்கள் நாட்டுச் செடிக்கு நான் ஒன்றுமே போடவில்லை, அது முழுக்க உங்கள் கைதான், என்னால் அதை இந்த ஜென்மத்தில் அப்படிக் காய்க்க வைக்க முடியாது என்றான். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அவர் நிமிர்ந்து, உன் பெங்களூர்ச் செடி அளவுக்கு நானும் கொத்துக் காய் பார்த்ததில்லை என்று பதிலுக்குச் சொன்னார். ஈரத்தில் நடுங்கிக்கொண்டே அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மஞ்சள் இலையைத் தாங்க முடியாமல் அவனும், காடான செடியைத் தாங்க முடியாமல் அவரும் ஒருவருக்கு ஒருவர் ஒளிந்து மாடியேறியதை நினைத்துச் சிரிப்பு வரும் போலிருந்தது. அதற்குள் மாடிப்படியில் மறுபடி சத்தம் கேட்டது. பச்சையப்பன் எழுந்து நின்றார்.

ஜெகதாம்பாள் நைட்டியின் மேல் துண்டும் கையில் டார்ச்சுமாக வந்தார். கூரையிலிருந்து கட்டில் மேல் சொட்டுகிறது, இந்த நேரத்தில் யார் இவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வழிகுழாயைப் பார்த்ததும் நின்றார். தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கொட்டிய தண்ணீர் தளத்தில் ஓடி, ஒரு விரிசலில் போய்த் தேங்கி, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் குழாயிலிருந்து விரிசலுக்குப் போனது. விரிசலிலிருந்து பைகள் இருந்த பக்கம் போனது. அங்கே தரை காய்ந்து கிடந்தது.

மூன்று பேரும் அந்தக் காய்ந்த தரையைப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர் செய்த பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர், இந்தப் பிழையை என்ன செய்வார் என்று பார்க்கக் கிருபாகரனுக்கு ஆசையாக இருந்தது. அவர் தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து, மிதவையைத் தூக்கிப் பார்த்து, கீழே விட்டார்.

"மிதவை மாத்தணும்," என்றார் இறங்கி வந்து. "பை எல்லாம் இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். போட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. கிருபாகரன் ஏன் நனைந்திருக்கிறான், இரண்டு மக்கிலும் என்ன என்று கேட்டார். உரம் என்றார்கள். யாருடைய உரம், யாருடைய செடிக்கு என்றார். ஜெகதாம்பாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிருபாகரனின் நாட்டுச் செடியிலிருந்து ஒரு காயையும், பச்சையப்பனின் பெங்களூர்ச் செடியிலிருந்து ஒரு காயையும் பறித்தார். ஒவ்வொன்றையும் கையில் வைத்து இரண்டு தரம் உருட்டினார். பச்சையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜெகதாம்பாள் இரண்டையும் துண்டில் முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். போன பிறகு, முப்பது வருஷத்தில் அந்த அம்மாள் தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாதது இதுதான் முதல் தடவை என்றார் பச்சையப்பன்.

வீட்டுக்குள் ஈரத்தோடு வந்த புருஷனிடம் லாவண்யா எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிருபாகரன் மறைக்காமல் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் காபி ஆறிப்போனது. எல்லாம் வெளியே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது, செர்ரி தக்காளி மட்டும் எங்கே போகிறது என்றுதான் இன்னும் புரியவில்லை என்றான் அவன். லாவண்யா டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே, துணி காயப்போடப் போகும்போது தானும் பச்சையப்பன் மனைவி மங்களமும் நின்று பேசிக்கொண்டிருப்பது உண்டு, பேசும்போது கை சும்மா இருக்காது என்று சொன்னாள். எந்தப் பக்கத்துச் செர்ரி என்று கிருபாகரன் கேட்டான். அதையெல்லாம் யார் பார்த்தார்கள், எதைப் போட்டாலும் அது பாட்டுக்குக் காய்க்கிறது, தின்று பார்த்தால் இரண்டும் ஒரே ருசிதான் என்றாள்.

மாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பச்சையப்பனின் வண்டியில் கரையான்சாவடி உரக்கடைக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் பேச்சு அதுதான். நாட்டுக்கு மண்புழு உரமும் சாம்பலும் போதும், பொடி ஆகாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. பெங்களூருக்கு அடியில் மண்புழு உரம், மேலே பொடி என்பதிலும் இல்லை. பொடி எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்பதில்தான் சிக்கல். வாரம் ஒரு தரம் என்றான் கிருபாகரன். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் என்றார் பச்சையப்பன். கடைக்காரர் நடுவில் வாயைத் திறந்தபோது, நீங்க இருங்க என்று இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள்.

பணம் கொடுத்து வெளியே வந்த பிறகு பச்சையப்பன் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டார். அவர் பங்குக்கு வாங்கிய பொடிப் பாக்கெட்டைக் கிருபாகரன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடை உரம் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது என்று பல வருஷமாக மங்களத்திடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது அந்தப் பாக்கெட் இருந்தால், அந்த வீட்டுக் கறிவேப்பிலையைக்கூட வாங்காதே என்று சொன்னதும் உண்டாம். கிருபாகரன் வாங்கிப் பையில் போட்டு, மேலே தன் பாக்கெட்டை வைத்து மூடினான்.

கட்டடத்து வாசலில் மங்களம் பூக்காரியிடம் முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வண்டியில் வந்து இறங்கியதே அவளுக்கு அதிசயம். கிருபாகரனின் பை கனமாக இருப்பதைப் பார்த்து, என்ன வாங்கினீர்கள் என்று கேட்டாள். பச்சையப்பன் வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

"சோப்புத் தூள்மா," என்றான் கிருபாகரன்.

ரொம்ப நல்லதாகப் போயிற்று, வீட்டில் தீர்ந்துவிட்டது, துணி ஊறவைக்கக் கொஞ்சம் கொடுங்கள், சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்றாள் மங்களம், இரண்டு கையையும் நீட்டி. கிருபாகரன் பச்சையப்பனைப் பார்த்தான். ஸ்டாண்ட் போட்ட வண்டியை அவர் எடுத்து மறுபடி ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு, கிருபாகரன் படியேறுவது போல நான்கு படி ஏறினான். மங்களம் பூக்காரி பக்கம் திரும்பியதும் பின்வாசல் வழியாக இறங்கி, தெருக்கோடி மளிகைக் கடைக்கு, உரப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேகமாக நடந்தான்.